சிராப்பள்ளி : பெயரும் பொருளும்

காவிரியின் தென்கரையில், சமவெளியின் நடுவே தனித்தெழுந்து நிற்கும் பாறைக் குன்றினை இன்று மலைக்கோட்டை என்று வழங்குகிறோம். ஏறத்தாழ 83 மீட்டர் உயரமுடைய இக்குன்றின் அடியில் மாணிக்க விநாயகரும், இடையில் தாயுமானவரும், உச்சியில் பிள்ளையாரும் கோயில் கொண்டுள்ளனர். கோட்டை என்னும் பெயர் பிற்காலத்தது. அதற்கு முன்னர் இக்குன்று சிராமலை என்றும், இதனைச் சார்ந்த தலம் சிராப்பள்ளி என்றும் பெயர் பெற்றிருந்தன. திருச்சிராப்பள்ளி என்னும் இன்றைய ஊர்ப்பெயர் இதன் வழி வந்ததே.

இப்பெயரின் பொருள் யாது என்னும் வினாவிற்கு அறிஞரும் புராணிகரும் மேலைநாட்டாரும் தத்தமக்குத் தோன்றியவாறு விடை கூறியுள்ளனர். விடைகள் பல; அவை ஒன்றோடொன்று முரணுவன. ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இவ்வாறு விடைகள் பெருகுமிடத்து, அவற்றையெல்லாம் அடுக்கிக் காட்டி, விரும்பியதைக் கொள்க என விடுத்தல் பெருவழக்காக உள்ளது. அஃது ஆராய்ச்சி ஆகாது. பெயரே தன்னுள் ஒரு சான்றினைக் கொண்டுள்ளது. அச்சான்று அதன் எழுத்துக்களும் அவை புணர்ந்து நிற்கும் முறையுமாம். கூறப்படும் பொருள் எத்துணைச் சிறப்புடையதாயினும், பெயரின் புணர்ச்சிக்கும் அப்பெயர் வழங்கிய காலமுறைக்கும் அது பொருந்துதல் வேண்டும். இவ்விரு அளவைகளையும் கொண்டு சிராப்பள்ளி என்னும் பெயர்க்கு இதுகாறும் கூறப்பட்ட பொருள்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கூறப்படும் பொருள்கள்

முதலாவது, புராண மரபு. மூன்று தலைகளையுடைய திரிசிரன் என்னும் அரக்கன் இக்குன்றில் இறைவனை வழிபட்டுப் பேறு பெற்றான். அதனால் இது திரிசிரபுரம், திரிசிரகிரி எனப் பெயர் பெற்றது என்பது அம்மரபு. குன்று மூன்று முடிகளையுடையதாகத் தோன்றுதலின் அப்பெயர் வந்தது என்பாரும் உளர். இரண்டும் 'மூன்று தலை' என்னும் ஒரே பொருளினின்று பிறந்தனவே.

இரண்டாவது, மேலைநாட்டார் கருத்துக்கள். தெலுங்கு அகராதி வகுத்த சி. பி. பிரௌன், 'சிருத பள்ளி', அஃதாவது சிற்றூர், என்பது பொருள் என்றார். யூல், பர்னெல் என்னும் இருவரும் 1886இல் வெளியிட்ட சொற்றொகுதியில் பிரௌனின் கருத்தை மறுத்து, 1520ஐ ஒட்டிய கல்வெட்டொன்றில் 'திருச்சிலாபள்ளி' என வருதலைக் காட்டி, 'திருப்பாறையூர்' என்பது பொருளாகலாம் என எழுதினர். திருச்சின்னப்பள்ளி என்பதன் திரிபு என்பாரும், சினா என்னும் கொடியின் பெயரால் வந்த திருச்சினாப்பள்ளி என்பாரும் உளர்.

மூன்றாவது, சிரம் என்னும் சொல்லைக் கொண்டு, 'தலைமையான குன்று' எனப் பொருள் கூறுவது.

நான்காவது, குன்றின் உச்சியை அடுத்த இயற்கைக் குகையிலுள்ள கற்படுக்கைகளை அடிப்படையாகக் கொண்டது. தலையணை போல ஒரு புறம் உயர்த்திச் செதுக்கப்பட்ட இப்படுக்கைகள் சமண முனிவர்க்கு உரியன. அவற்றுட் காணப்படும் பெயர்ப் பொறிப்பொன்றைச் 'சிரா' எனப் படித்து, அஃது ஈண்டு உறைந்த துறவியின் பெயரென்றும், அவர் உறைந்த பள்ளியே சிராப்பள்ளி என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர்.

2. பெயரின் பழைய வடிவம்

இவற்றை ஆராயுமுன், பெயரின் பழைய வடிவத்தைத் துணிதல் வேண்டும். ஏழாம் நூற்றாண்டினராகிய திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். அவர்தம் பதிகங்களில் பெருவரவிற்றாய் வருவது சிராப்பள்ளி என்பதே. நாவுக்கரசர் தலங்களைப் பெயரீற்றின் வகையால் தொகுத்துப் பாடிய அடைவு திருத்தாண்டகத்தும், பள்ளி என முடியும் தலங்களின் வரிசையில் இது சிராப்பள்ளி என்றே இடம்பெறுகின்றது. திரு என்னும் அடை பெயரின் உறுப்பன்று. சிறப்புப் பற்றி முன்னே சேர்க்கப்பட்டதென்பது இதனாற் பெறப்படும்.

இதற்கு அடுத்த சான்று, இக்குன்றின் மேற்குடைவரையிற் பொறிக்கப்பட்ட சிராமலை அந்தாதி. வேம்பையர்கோன் நாராயணன் என்பார் இயற்றிய, நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைக் கலித்துறைகளாலான இந்நூல், ஏடெழுதுவோர் கைப்பட்டு மாறாமல் கல்லிலேயே நின்று நிலவுவது. இதன்கண் குன்றின் பெயர் சிராமலை.

சிராப்பள்ளி, சிராமலை என்னும் இரண்டினையும் ஒருங்கு வைத்து நோக்குக. பள்ளி என்னும் ஈறு நீங்கி மலை என்னும் ஈறு வந்தவிடத்தும் சிரா என்பது மாறாது நிற்கின்றது. ஆகவே, சிரா என்பது தனித்துப் பிரிக்கத்தக்க ஒரு பெயர்ச்சொல். பள்ளி என வல்லெழுத்து வருமிடத்து ஒற்று மிக்கும், மலை என மெல்லெழுத்து வருமிடத்து இயல்பாயும் அது புணர்கின்றது. பலா என்னும் சொல் பலாப்பழம் என்றும் பலாமரம் என்றும் புணர்தலை இதனோடு ஒப்பிடுக. ஆகார ஈற்றுத் தமிழ்ப் பெயரின் புணர்ச்சியோடு இது முற்றும் ஒத்துளது. இனிக் கூறப்படும் பொருள் யாதாயினும், இந்த 'சிரா'வுக்கே பொருள் கூறுதல் வேண்டும். சிறிது, சின்ன, சிலை, சிரம் என வேறொரு சொல்லைக் கொணர்ந்து வைத்து அதற்குப் பொருள் கூறுதல் பயனில்லை.

3. அளவைக்கு நில்லாதன

சிற்றூர் என்னும் பொருள் நில்லாது. தமிழில் சிறுமைப் பொருள் தரும் சொல் வல்லின றகரமுடையது. பதிகங்களில் வரும் ஊர்ப்பெயர் இடையின ரகரமுடையது. இவ்விரண்டும் பிற்காலப் பேச்சில் மயங்கினும், ஏழாம் நூற்றாண்டுச் செய்யுள் வழக்கில் வேறு வேறு. அன்றியும், தெலுங்குச் சொல்லொன்று சோழநாட்டின் நடுவே அத்துணைப் பழங்காலத்தில் ஊர்ப்பெயராய் அமைந்ததற்குக் காரணம் காட்டப்படவில்லை. சின்னப்பள்ளி என்பதும் இதனோடு வீழும்.

பாறையூர் என்னும் பொருள் கேட்பதற்கு இனியது. குன்றின் இயல்புக்கும் பொருந்துவது. ஆயின் அதற்குச் சான்றாவது பதினாறாம் நூற்றாண்டுக் கல்வெட்டு. அதற்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன்னரே பெயர் ரகரத்தோடு வழங்கியது. பின்னர்த் தோன்றிய வடிவத்தினின்று முன்னர் வழங்கிய வடிவம் பிறந்தது எனல் முறையன்று. சிலா என எழுதியவர், பொருள் விளங்காத சிராவைத் தமக்கு விளங்கிய வடசொல்லாக மாற்றிக் கொண்டார் என்பதே பொருந்தும். சினா என்னும் கொடிக்கும் இக்குறை ஒக்கும். ஆங்கிலேயர் எழுதிய திரிச்சினாப்பொலி என்பதில் உள்ள னகரம், அவர் காலத்துப் பேச்சு வழக்கைக் காட்டுமேயன்றி மூலவடிவத்தைக் காட்டாது.

சிரம் என்பதும் புணர்ச்சியால் மறுக்கப்படும். மகர ஈற்றுச் சொல் வல்லெழுத்தோடு புணரின், மகரம் கெட்டு வல்லெழுத்து மிகும். மரம் என்பது மரப்பெட்டி என வருதல் போல. அம்முறையில் சிரம் என்பது சிரப்பள்ளி எனக் குறிலாய் நிற்றல் வேண்டும். சிராப்பள்ளி என நெடிலாயது எங்ஙனம் என்பதற்கு விடையில்லை. ஒரோவிடத்துச் செய்யுள் நோக்கி நீண்டது எனலும் ஆகாது. பள்ளியொடும் மலையொடும் யாண்டும் அது நெடிலாகவே வருகின்றது.

4. திரிசிரன் என்னும் மரபு

எஞ்சிய இரண்டனுள், புராண மரபினை எளிதிற் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. அதற்குச் சார்பாகக் கூறத்தக்க இரண்டு உள. அவற்றை மறைத்து முடிவு கூறின், அம்முடிவு நில்லாது.

ஒன்று, ஆகார ஈறு. மூன்று தலையன் என்னும் பொருள்படும் வடசொல், எழுவாய் வடிவில் திரிசிரா என நெடிலாய் முடிவதே. ஆதலின், சிரம் என்பார்க்கு நேர்ந்த இடர்ப்பாடு இவர்க்கு இல்லை. மூன்று தலையுடையோர் வடமொழி மரபிற் புதியவருமல்லர். வேத மரபில் துவட்டாவின் மகன் ஒருவன் அவ்வாறு கூறப்படுகின்றான். இராமாயணத்தில் கரனுடன் வந்து இராமனால் மடிந்தவனும் அப்பெயரினன்.

மற்றொன்று இதனினும் வலியது. நாவுக்கரசரின் சிராப்பள்ளிக் குறுந்தொகையில் ஒரு பாட்டில் மட்டும் தலத்தின் பெயர் திரிச்சிராப்பள்ளி என வருகின்றது. ஏழாம் நூற்றாண்டிலேயே திரி என்னும் முதல் இருந்ததற்கு இதனைக் காட்டி, மூன்று தலைப் பொருள் அத்துணைப் பழமையது என வாதிடலாம்.

ஆயின் அப்பாட்டினை யாப்பு நோக்கி ஆராய்வார்க்கு உண்மை வேறாகத் தோன்றும். அச்சொல் நிற்பது அடியின் முதலில், எதுகை அமைய வேண்டிய இடத்தில். அப்பாட்டின் நான்கடிகளும் முதலெழுத்தை அடுத்து 'ரிச்சிரா' என்னும் ஒரே தொடரைப் பெற்று வருகின்றன. ஏனை மூன்றடிகளிலும் இராப்பகல், இராது என்பவற்றின் முதலோடு முன்னின்ற வினையெச்சம் புணர்ந்து அவ்வொலியைத் தருகின்றது. திரு என்பது ஈண்டுத் திரி என நின்றது இவ்வெதுகை நோக்கியே. பொருள் நோக்கி வந்ததாயின், எதுகை வேண்டாத பிற பாட்டுக்களிலும் திரி என்பது வந்திருத்தல் வேண்டும், வரவில்லை.

இதனினும் சிறந்த சான்று அச்சொல்லின் உள்ளேயே உள்ளது. அது சகர ஒற்று. திரிபுரம், திரிசூலம், திரிகடுகம், திரிசங்கு என மூன்று என்னும் பொருள்படும் திரி முன்னிற்கும் சொற்களில் வல்லெழுத்து மிகுவதில்லை. திரு என்னும் தமிழ் அடையின் முன் வல்லெழுத்து மிகுதல் இயல்பு. திருப்பதி, திருக்கோயில், திருச்செந்தூர் என வருதல் காண்க. நாவுக்கரசர் பாட்டில் நிற்பது திரிசிரா அன்று, திரிச்சிரா. உகரம் இகரமாகிய பின்னும், திருவின் வழிப்பட்ட ஒற்று நீங்காது நின்று, தான் பிறந்த இடத்தைக் காட்டுகின்றது. ஏட்டில் புள்ளியிடாது எழுதும் வழக்கால் இவ்வொற்று ஐயுறத்தக்கது எனலும் இயலாது. ஒற்று இல்லையாயின் எதுகை கெடும், அடியின் ஓசையும் கெடும். எனவே, மூன்று தலைப் பொருளுக்குச் சான்றாகக் காட்டப்படும் இவ்விடமே அதற்கு எதிர்ச்சான்றாய் முடிகின்றது.

திரிசிரா என ஒற்றின்றி வருவன பிற்கால வழக்குக்கள். அருணகிரிநாதர் திருப்புகழிலும், சைவ எல்லப்ப நாவலர் செவ்வந்திப் புராணம் பாடிய காலச் சூழலிலும், பின்னர்த் திரிசிரபுரம் மகாவித்துவான் எனச் சிறப்பிக்கப்பெற்ற மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) காலத்தும் அவை புலவரிடையே நிலைபெற்றிருந்தன. திருச்சிரா, திரிச்சிரா, திரிசிரா எனச் சொல் மாறிய பின்னரே கதை அதனைப் பற்றிக் கொண்டது. கதையினின்று பெயர் பிறந்திலது. பெயரினின்று கதை பிறந்தது.

5. பள்ளியும் சிராவும்

இனி, பள்ளி என்னும் ஈற்றினை நோக்குவாம். படுக்கை, துறவோர் உறையுள், சிற்றூர், கல்வி பயிலும் இடம் எனப் பல பொருள் இதற்கு உண்டு. இவை தம்முள் தொடர்புடையன. துறவோர் கிடந்த இடம் அவர் உறையுளாகி, அங்கே கல்வி நிகழ்தலின் கற்குமிடமும் ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளுடன் கோவலனும் கண்ணகியும் உறையூரை அடைந்த பின், அடிகள் அங்கே அருகனை வணங்கியதும், சமணத் துறவியர் பள்ளியை அடைந்ததும் காடுகாண் காதைத் தொடக்கத்திற் கூறப்படுகின்றன. உறையூர் இக்குன்றிற்கு அண்மையது. இலக்கியம் உறையூரிற் காட்டும் சமணப் பள்ளியை, கற்படுக்கைகள் இக்குன்றின் மேலும் காட்டுகின்றன. பள்ளி என்னும் சொல்லின் முதற்பொருளாகிய படுக்கை, கல்லிற் செதுக்கப்பட்டே ஈண்டுக் கிடக்கின்றது.

பள்ளி என முடியும் பாடல்பெற்ற தலங்கள் பிறவும் உள. காட்டுப்பள்ளி இடத்தாற் பெயர் பெற்றது. அகத்தியான்பள்ளி, மயேந்திரப்பள்ளி என்பன ஒருவர் பெயரோடு பள்ளி சேர்ந்து அமைந்தன. எனவே, சிரா என்பதை ஒருவர் பெயராகக் கொள்ளின், அது தனித்த அமைப்பாகாது. அறிந்த வகையொன்றில் அடங்கும். ஆகார ஈறும் ஒற்று மிகுதலும் மலையோடு இயல்பாய்ப் புணர்தலும் இதற்கு இடையூறு ஆகா. குகையிலுள்ள பொறிப்பும் அதே ஒலியைத் தருகின்றது. பிற கருத்துக்கள் ஒவ்வொன்றும் எழுத்து, புணர்ச்சி, காலம் என்பவற்றுள் ஒன்றேனும் தடுக்க வீழ்ந்தன. இஃது ஒன்றே எதனாலும் தடுக்கப்படாது நிற்பது.

எனினும், இக்கருத்தினை உடன்படுவோர் ஒன்றனை நினைவிற் கொள்ளல் வேண்டும். கற்படுக்கையிற் பொறித்த சிறுபெயர், முனிவரின் பெயரால் ஊர்ப்பெயர் பிறந்தது என்பதற்கு நேர்ச்சான்று அன்று, பெயரொற்றுமைச் சான்று. அதன் வலிமை அப்பொறிப்பினால் மட்டும் வருவதன்று. பள்ளி என்னும் ஈறும், சிரா பிரிந்து நிற்கும் இயல்பும், குகையின் இயல்பும், அண்டை ஊரின் இலக்கியச் செய்தியும் ஒருங்கு கூடுதலால் வருவது. பொறிப்பினை மட்டும் காட்டி முடிவு கட்டுவோர், திரிசிரனைக் காட்டி முடிவு கட்டிய புராணிகரின் முறையையே வேறொரு சார்பிற் கையாள்கின்றனர்.

6. பொருள் மறந்த பெயர்

தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் வடமொழி ஆக்கப்பட்ட முறை இருவகைத்து. பொருள் விளங்கிய பெயர்கள் மொழிபெயர்க்கப்பட்டன. மறைக்காடு வேதாரணியம் ஆயிற்று, முதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. பொருள் விளங்காத பெயர்கள் ஒலியொப்புமை பற்றி வேறொரு சொல்லாக்கப்பட்டன. இக்குன்றிலேயே இரண்டற்கும் சான்று உண்டு. தாயுமானவர் என்னும் இறைவன் பெயர் மாத்ருபூதேசுவரர் எனப் பொருள் பிறழாது பெயர்க்கப்பட்டது. சிராமலை என்பதோ பெயர்க்கப்படவில்லை. திரிசிரகிரி என ஒலியால் இழுக்கப்பட்டது. அக்காலத்தே சிரா என்பதன் பொருளை அறிந்தார் இல்லை என்பதே இதற்குக் காரணமாதல் வேண்டும். பொதுச்சொல்லாயின் பொருள் நிலைத்திருக்கும். ஒருவர்க்குரிய இயற்பெயர், அவரை நினைப்போர் மறைந்தவுடன் வெற்றொலி ஆகும். இதுவும் மேற்கூறிய முடிபிற்கு அரண் செய்கின்றது.

இதன்கண் வரலாற்று உண்மையொன்று அடங்கியுள்ளது. மேற்குடைவரையை அமைத்த மகேந்திரவர்மன் தன் விருதுப்பெயரால் அதனை இலளிதாங்குர பல்லவேசுவரம் என வழங்கினான். காவிரியைப் பல்லவனின் காதலி எனக் கூறும் அவன் வடமொழிக் கல்வெட்டு, கங்கையைத் தாங்கும் இறைவன் சிற்பத்தின் இருமருங்கும் தூண்களில் இன்றும் உள்ளது. 1890இல் ஊல்ட்சு என்பார் அதனைப் பதிப்பித்தார். அரசன், பிற சமயச் சார்பினின்று மீண்டமையை அது குறிப்பதாக ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். சமணர் குகையும் சைவக் குடைவரையும் ஒரே பாறையில் அண்மையில் அமைந்துள்ளன. அரசன் இட்ட பெயரை இன்று கல்வெட்டறிஞரே அறிவர். படை, அரசு, கொடை எதுவும் இல்லாத ஒரு துறவியின் பெயரென நாம் கொள்ளும் சிராவை, அவர் சமயத்தை ஏற்காத அடியார்கள் தம் பாட்டில் வைத்துப் பாடினர். அதனால் அது நிலைத்தது. சமயப் பூசல் மிக்க காலத்தும் ஊர்ப்பெயரை அவர்கள் மாற்றவில்லை. மாற்றம் நிகழ்ந்தது பின்னரே. அதுவும் பகையால் அன்று, மறதியால்.

முடிபுரை

திரிசிரன் கதையைப் பொய்யெனக் கழித்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. பொருள் மறந்த பெயர்க்குப் பொருள் தேடிய ஒரு காலத்தின் உள்ளத்தை அது காட்டும். அவ்வகையில் அஃது இலக்கிய வரலாற்றிற்கு உரியது. ஆனால் அதனைப் பெயர் வரலாறாகக் கொள்ளின், குகையிற் படுக்கை செதுக்கி உறைந்தோர் இக்குன்றின் வரலாற்றினின்றே மறைவர். அவர்களைப் பற்றி ஊர் பேசும் சொல் ஒன்றே எஞ்சியுள்ளது; அச்சொல்லை இழத்தல் ஆகாது.

மக்கள் இன்று ஊர்ப்பெயரைத் திருச்சி எனச் சுருக்கி வழங்குகின்றனர். பள்ளி போயிற்று, சிராவிலும் முதலெழுத்தே குறைந்து நிற்கின்றது. ஆயினும் இடையிலுள்ள சகர ஒற்று போகவில்லை. புலவர் வகுத்த திரிசிரபுரம் அவ்வொற்றை இழந்தது; மக்கள் நாவோ ஏழாம் நூற்றாண்டுப் பாட்டில் நின்ற அதே ஒற்றை இன்றும் ஒலிக்கின்றது. ஊர்ப்பெயர் ஆராய்வோர் கதைக்குச் செவி கொடுக்குமுன், மக்கள் வழங்கும் சொல்லின் எழுத்துக்கட்குச் செவி கொடுத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டா.